ஏன் டொக்டரும் புதன்கிழமைக் கதிரைகளும்

கண்டி மண்ணில் கால் வைத்த மனிதர்களில், கடவுளே நேரில் வந்து நின்றாலும் "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்கக் கூடியவர் ஒருவர்தான். எங்கள் ஏன் டொக்டர்.

அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் இதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் சேர்ஜனாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் "ஏன்?" என்பார். தமிழில் வணக்கம் கூடச் சொல்லத் தெரியாத சிங்கள நேர்ஸ்மாரும் அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பழகிக்கொண்டார்கள். சிங்களத்தில் வருவதற்கு "எனவா". வார்டில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து "ஏன் எனவா" என்றால், டொக்டர் வருகிறார், ஓடு என்று அர்த்தம்.

நான் அதே பிரிவில் பிசியோதெரபிஸ்ட். நெஞ்சைப் பிளந்து, கம்பி போட்டுத் தைத்துக் கொண்டுவந்து போட்டிருக்கும் மனிதர்களிடம் தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, "இருமுங்க, நல்லா இருமுங்க" என்று வதைப்பது என் தொழில். வெட்டியவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இரும வைத்த என்னைச் சபிப்பார்கள். உலகம் அப்படி.

டொக்டரின் பழைய கார் பாதி நாள் கராஜில்தான் கிடக்கும். அந்த நாட்களில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் பஸ் பிந்திவிட்டது. கொண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஏன் லேட்? டிரைவர் லேட். டிரைவர் ஏன் லேட்? வீட்டில் சண்டை. ஏன் சண்டை? டிரைவருக்கு மச்சினனைப் பிடிக்காது. ஏன் பிடிக்காது? அதற்குள் டிரைவரே பிரேக்கைப் போட்டு, "ஐயா, நீங்க எறங்குற எடம் இதுதான்" என்று ஆஸ்பத்திரிக்கு வெகுதூரம் முன்னாலேயே இறக்கிவிட்டார். வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தவர் என்னிடம் சொன்னார்: "நல்ல பொடியன், பிள்ளை. கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த மச்சினன்ர பிரச்சினையைத் தீர்த்திருக்கலாம்."

இன்னொரு நாள் லிஃப்ட் இடையில் நின்றுவிட்டது. உள்ளே நாங்கள் சிலர், ஒரு சாப்பாட்டுத் தள்ளுவண்டி, இவர். மற்றவர்கள் கதவைத் தட்டிக் கூச்சல் போட, இவர் அங்கேயே ஒரு விசாரணையைத் தொடங்கிவிட்டார். "ஆர் பட்டனை அமத்தினது எண்டு கேக்காதேங்கோ. ரெண்டு பட்டனை ஒரே நேரத்தில அமத்தக்கூடிய மாதிரி ஏன் வச்சிருக்கினம் எண்டு கேளுங்கோ." மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது, இறங்கி ஓடுகிற எங்களைத் தடுத்து, "இன்னும் முடியேல்லை" என்றார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தியேட்டரில் அவர் வைத்த வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் உரத்துச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக ஒன்றாக வேலை செய்கிறவர்கள், புதுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் போல் தினமும் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒருநாள் பொறுமையிழந்து, "நான் நேற்று வந்த அதே ஆள்தான்" என்றார். "அது நேற்றையான் ஆள். இண்டைக்கு நித்திரை கொண்டனீரோ?" என்றார் இவர்.

காரணம் கேட்டால் சொல்வார்: ஒருதரம் வாயைத் திறந்தவன்தான் இரண்டாம் தரமும் திறப்பான். அது உண்மை என்பதை நான் கண்டேன். சுவாசப்பை சத்திரசிகிச்சை ஒன்றுக்கு முன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளேயான நேர்ஸ் ஒருத்தி தன் பெயரைச் சொன்ன கையோடு, "சேர், எந்தப் பக்கம் என்று இன்னும் கோடு போடவில்லை" என்றாள். எல்லோரும் நின்று படத்தை மறுபடி பார்த்தார்கள். அன்று ஒரு மனிதர் தப்பினார். எந்தப் பக்கம் தப்பியது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

இனிப் புதன்கிழமைக்கு வருவோம். புதன்கிழமை பின்னேரம் மாடி அறையில் அவருடைய மீட்டிங். எங்கள் பிரிவில் யாராவது இறந்திருந்தால், காயம் பழுதாகியிருந்தால், இரத்தம் கசிந்து மறுபடி திறக்க நேர்ந்திருந்தால், அது ஏன் நடந்தது என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து பேச வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: "யார்" என்று கேட்கக் கூடாது. மறந்து கேட்டவர் எழுந்து போய், ஏசி ஒழுகும் கதிரையில் உட்கார வேண்டும். ஆரம்ப நாட்களில் எங்கள் பெரிய டொக்டர், அதாவது பிரிவுக்குத் தலைவர், ஒரே பின்னேரத்தில் மூன்று தடவை அந்தக் கதிரைக்குப் போய்த் தொப்பலாக வீடு திரும்பினார். பிறகு அவர் வரவில்லை.

அவர் வராததும் மற்றவர்களுக்கும் வேலை வந்துவிட்டது. உண்மைக் காரணம் வேறு. ஏன் டொக்டர் எப்போதும் தன் பிழையைத்தான் முதலில் சொல்லுவார். "இந்தத் தையல் நான் போட்டது. அவசரப்பட்டிட்டன்." இப்படி ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர் என்ன செய்வது? தானும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. பிழை செய்வதை விடப் பிழையைச் சொல்வதற்குத்தான் நம் ஆட்களுக்கு நெஞ்சு இடிக்கும்.

வட்ஸ்அப்பில் "புதன் மீட்டிங், எல்லோரும் வரவும்" என்று போடுவார். எல்லோரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்கள். விரல்கள் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். கடைசியில் நானும் அவரும்தான். நான் போனது கன்டீன் ரோல்ஸுக்காக என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் தன் காசில் ஒரு தட்டு நிறைய வரவழைத்து வைத்திருப்பார். அவ்வளவும் வீணாகக் கூடாது அல்லவா?

ஆனால் அந்த மனிதர் சளைக்கவில்லை. திரையில் படம் போடுவார், விளக்குவார், காலிக் கதிரைகளை வரிசை வரிசையாகப் பார்த்து, "கேள்வி ஏதும் இருக்கோ?" என்று கேட்டு, உண்மையாகவே சிறிது நேரம் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் தாங்க முடியாது.

"டொக்டர், யாரும் வர்றாங்க இல்லையே," என்றேன் ஒருநாள்.

"ஓம் பிள்ளை. ஏன் வருகினமில்லை எண்டு அடுத்த கிழமை ஒரு மீட்டிங் வைப்பம்."

"அதுக்கும் வரமாட்டாங்க டொக்டர்."

"அதையும் அதில பேசுவம்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த அறையில் நாலு பேர் வந்து உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மனைவியும் மகளும் கனடா போய் வெகுகாலம். "இந்த ஓடிட் முடியட்டும், வாறன்" என்று இந்தப் பிழை விசாரணைகளைச் சாட்டி இவர் பின்தங்கினார். ஒரு ஓடிட் முடிய இன்னொன்று வந்தது. முதலில் அங்கிருந்து தினமும் போன் கோல் வந்தது, பிறகு கிழமைக்கொருதரம், பிறகு பிறந்தநாளுக்கு. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி தெரிகிற மாடிவீடு ஒன்றில் தனியாக இருந்தார். கன்டீனில் அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால், அந்த மேசையில் இருந்தவர்களுக்கு உடனே பசி தீர்ந்துவிடும். அதனால் கன்டீனுக்குப் போவதையும் குறைத்து, வார்டு ஜன்னலடியில் நின்றபடி பிஸ்கட் தின்பார்.

அதைக் கவனித்த இன்னொருத்தியும் இருந்தாள். பன்வில பக்கத் தோட்டத்துத் தனலெட்சுமி. அவளுடைய இதய வால்வு பழுதாகி, டொக்டர் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார். நான் இருமச் சொன்னால் என்னைச் சபிக்காத ஒரே நோயாளி அவள்தான். "உள்ளுக்குள்ள மணிக்கூடு ஓடுதுங்க மிஸ்," என்று சிரிப்பாள். ஒருநாள் ஜன்னல் பக்கம் பார்த்து, "மிஸ், டொக்டர் ஐயாவுக்குச் சோறு பொங்கிக் குடுக்க ஆளில்லீங்களா?" என்று கேட்டாள். குடும்பம் கனடாவில் என்றேன். "ச்சு" என்று நாக்கைத் தட்டினாள்.

உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் தினமும் ஒரு குளிசை போட வேண்டும். விட்டால் வால்வில் இரத்தக்கட்டி பிடித்து, அது அசையாமல் நின்றுவிடும். இதையெல்லாம் டொக்டரே கட்டிலருகில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, புருஷன் ராஜேந்திரனோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

சில மாதம் கழித்து அவளை மூச்சுத் திணறத் திணறக் கொண்டுவந்தார்கள். வால்வு இறுகிவிட்டது. டொக்டர் உடனே தியேட்டருக்குள் கொண்டு போனார். வெளியே வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். தனலெட்சுமி போய்விட்டாள்.

பெரிய டொக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நோயாளி குளிசை எடுக்கவில்லை. நம் பக்கத்தில் பிழை இல்லை."

"ஏன் எடுக்கேல்லை?" என்றார் ஏன் டொக்டர்.

"அது செத்தவளுக்குத்தான் தெரியும்," என்றார் பெரியவர்.

அடுத்த ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் அந்தப் பழைய கார் நின்றது. "பன்விலைக்குப் போறன். நீரும் வாரும் பிள்ளை. என்ர தமிழ் அங்க விளங்காது," என்றார். வத்துகாமம் தாண்டும்வரை ரோட்டில் பள்ளம் ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் ராஜேந்திரன் பயந்து எழுந்து நின்றார். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிற, ஒடிசலான மனிதர். பிள்ளைகள் இல்லை. அந்த அறையில் இப்போது அவர் மட்டும்தான்.

"எதுக்குங்க ஐயா இம்புட்டுத் தூரம்? ஏதாச்சும் கையெழுத்துப் போடணுங்களா?"

"இல்லை. நான் பிழை பிடிக்க வரேல்லை. நாங்கள் எங்க பிழை விட்டனாங்கள் எண்டு கேக்க வந்தனான்."

ராஜேந்திரன் என்னைப் பார்த்தார். நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன்.

"குளிசையை ஏன் விட்டவா?"

"விடலீங்க. சாப்பிட்ட நாளெல்லாம் போட்டுச்சுங்க."

"ஏன், சாப்பிடாத நாளும் இருந்ததோ?"

"வெள்ளிக்கிழமை ராவுல சாப்பிடாதுங்க. அப்புறம் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம். பொழுது சாஞ்சா ஒரு வாய் பால், அவ்வளவுதான்."

"விரதமெண்டாலும் குளிசை போடலாந்தானே? ஏன் போடேல்லை?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க, ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறந்தான் போடணும், வெறும் வயித்துல போடாதன்னு. சாப்பிடாம எப்படிங்க போடும்? டொக்டர் ஐயா பேச்சை அது மீறாதுங்க."

நான் டொக்டரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள்; சஷ்டி எப்போது வருகிறது என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சைவ வீட்டில் பிறந்தவர். அவருக்கும் அது தோன்றவில்லை. தினமும் சாப்பிடுகிற ஆட்களுக்கென்று நாங்கள் சொல்லி வைத்த ஒரு வார்த்தையை, அவள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

"நெஞ்சு வெட்டின உடம்போட ஏன் இவ்வளவு விரதம்?" டொக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"நேர்த்திங்க ஐயா. வெள்ளிக்கிழமை விரதம் அது பொழைச்சதுக்கு." ராஜேந்திரன் தயங்கினார். "சஷ்டி விரதம் உங்களுக்குங்க."

"எனக்கோ?"

"ஆமாங்க. தன் உசுரக் காப்பாத்துனவரு ஆளில்லாம நின்னுக்கிட்டே பிஸ்கட்டு திங்கிறாரு, அவரு குடும்பத்தோட சேரணும்னு வேண்டிக்கிச்சுங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். இன்னும் அதட்டியிருக்கணுங்க. சோறு போட்டுத் திங்க வச்சிருக்கணும். என் தப்புத்தாங்க." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டொக்டர் வாயைத் திறந்தார். எப்போதும் வருகிற அந்தச் சொல் வரவில்லை. என் சேவிஸ் காலத்தில் அவரை அப்படி நான் கண்டதே இல்லை. பிறகு கதிரையை இழுத்து ராஜேந்திரனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"உங்கட பிழை இல்லை. தனலெட்சுமியின்ர பிழையும் இல்லை. அவா நாங்கள் சொன்னதைச் செய்தவா. விரதம் பிடிப்பியோ எண்டு நான் கேட்டிருக்கவேணும். எத்தினையோ கேக்கிற நான் அதைக் கேக்கேல்லை."

ராஜேந்திரன் சத்தம் போட்டு அழுதார். அன்றாடம் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்த மனிதர். அழுது முடிந்ததும் எழுந்து போய் எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிடும்போது கேட்டார்: "இத நாலு பேருக்குச் சொல்லணுங்களே ஐயா. வேற யாராச்சும் இப்படியே இருப்பாங்க."

"புதன்கிழமை சொல்லுவன்."

"நானும் வரட்டுங்களா?"

டொக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். "வாருங்கோ," என்றார். "கதிரைக்குப் பஞ்சமில்லை."

புதன்கிழமை வழக்கம்போல் கட்டை விரல்கள் வந்தன. மாடி அறையில் நான், டொக்டர், ரோல்ஸ். ராஜேந்திரன் வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்தார். எது என்ன கதிரை என்று தெரியாமல் நேரே போய் ஏசி ஒழுகும் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுப்புவதற்குள் கீழே செய்தி பரவிவிட்டது: இறந்துபோன நோயாளியின் புருஷன் வந்திருக்கிறான், மாடியில் ஏதோ நடக்கப் போகிறது! அவ்வளவுதான். அன்புக்கு வராத கூட்டம் பயத்துக்கு வந்தது. நேர்ஸ்மார், மருந்துக் கவுண்டர் ஆட்கள், மயக்க மருந்து டொக்டர் எல்லோரும் படியேறி வந்தார்கள். கடைசியில் பெரிய டொக்டர் மூச்சு வாங்க உள்ளே நுழைந்து சிங்களத்தில், "யார் இவரை இங்கே கூட்டி வந்தது?" என்றார்.

அறை முழுவதும் ஏசிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தது. சட்டம் என்றால் சட்டம்தானே. ஆனால் அங்கே ராஜேந்திரன் உட்கார்ந்திருந்தார். ஐயாவுக்கு இடமில்லை என்று நினைத்து அவர் அவசரமாக எழுந்து, தலையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இங்கிட்டு குந்துங்க ஐயா" என்றார். பெரியவர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

ஏன் டொக்டர் படம் எதுவும் போடவில்லை. நின்றபடி தன் பிழையைச் சொன்னார். ராஜேந்திரன் விரதத்தைப் பற்றிச் சொன்னார். தமிழ் தெரியாதவர்களுக்கு நான் சிங்களத்தில் சொன்னேன். சஷ்டி விரதம் யாருக்காக என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு மருந்துக் கவுண்டர் பாத்திமா மெதுவாக எழுந்தாள். "எங்கட உம்மாவும் இதே குளிசதான். நோன்பு நாளையில எப்ப போடுறெண்டு தெரியாம உட்டுட்டு இருந்தாங்க. நானும் கேக்கல்ல." அவள் உட்காருமுன் வார்டு சிஸ்டர் சிங்களத்தில், "போயா பௌர்ணமிக்கு சில் விரதம் எடுத்தால் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடே இல்லையே. அப்படியானால் அவர்களெல்லாம் இராக் குளிசையை என்ன செய்கிறார்கள்?" என்றார். கண்டியில் இருந்துகொண்டு, விகாரையும் பள்ளியும் கோயிலும் கண்ணெதிரே இருக்க, பட்டினி கிடக்கும் நாள் என்று ஒன்று உண்டென்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை உறைக்கவில்லை.

அப்போது பெரிய டொக்டர் நனைந்த தோளோடு எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. "எங்கள் அம்மாவுக்கும் இதே குளிசைதான், ஒவ்வொரு போயாவுக்கும் சில் எடுக்கிறா," என்று சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினார். அம்மா சில் நாளில் குளிசை போடுவதில்லை என்பது தெரிந்துவிட்டது. திரும்பி வந்தவர் ஏன் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு "சாப்பாட்டுக்குப் பின்" என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் படுக்கப் போகும்போது போடுங்கள் என்கிறோம். வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் விரதமா, நோன்பா, சில்லா என்று கேட்கிறோம். புதன்கிழமைகளில் கதிரை போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தோம். எனக்கு ரோல்ஸில் பாதிகூட மிஞ்சவில்லை.

அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. தனலெட்சுமி ஆசைப்பட்டது கிடைக்கவில்லை. மீட்டிங் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், அவரும் கட்டுகஸ்தோட்டைக்குப் போவார். போன வருஷம் பென்ஷனில் போனார். இனியாவது கனடாவுக்குப் போகலாமே என்றேன். "மகள் கூப்பிட்டவள்தான். அங்க போய் நான் ஆரிட்ட என்னத்தைக் கேக்கிறது, பிள்ளை?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் சஷ்டி தொடங்குகிற நாளைக் கலண்டரில் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு வேளைச் சோறு பிந்தினாலே வீட்டை இரண்டாக்குகிற நான், ஆறு நாளும் விரதம் பிடித்தேன். என் புருஷன் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகவே நினைத்தார். தனலெட்சுமி பாதியில் விட்டுப்போன வேண்டுதலை யாராவது முடிக்க வேண்டுமே. முருகனுக்கு என்னை முன்பின் தெரியாது, ஆனாலும் கேட்டேன்.

ஏழாம் நாள் காலை சோறும் கறியும் சமைத்து, கட்டி எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். டொக்டர் கதவைத் திறந்து, என் வற்றிப்போன முகத்தையும் கையிலிருந்த பார்சலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சஷ்டி பிடிச்சனீரோ? நீரோ? ஏன் பிள்ளை?"

"சும்மாதான் டொக்டர். சோறு ஆறிப் போகுது, வாங்க," என்று சொல்லிவிட்டு, மேசையில் இரண்டு பேருக்கு இலை போட்டேன்.